அடியில ஒரு மூடி இருந்த காலம்

பழைய கொம்பியூட்டருக்கு மெமரி போட் தேடுறவையைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்கள் எங்களுக்குள்ளேயே இருக்கினம். "உன்ர ஃபோனிலயே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கு, பிறகேன் உது?" எண்டு கேட்பினம். கேள்வி நியாயம்தான். எண்டாலும் அந்தத் தேடலை நாங்கள் சும்மா பொழுதுபோக்காகப் பார்க்கவில்லை.

கொமடோர் நிறுவனம் 1987 இல் வெளியிட்ட அமிகா 500 ஐ எடுத்துக்கொள்ளுவோம். அதன் மெமரி 512 கிலோபைட். அடிப்பக்கத்தில் சின்ன மூடியொன்று இருக்கும். அதைக் கழற்றி ஏ501 என்ற போட்டைச் செருகினால் இன்னொரு 512 கிலோபைட் கூடும். பற்றவைக்கிற வேலை எதுவும் இல்லை. 11 டிஸ்குகளில் வந்த 'மங்கி ஐலண்ட் 2' விளையாட்டு, இந்த ஒரு மெகாபைட் இல்லாட்டி ஓடாது.

1994 இல் கொமடோர் வங்குரோத்தாகிவிட்டது. இப்ப கிடைக்கிற ஏ501 எல்லாம் பழசு. நேரம் காட்டுறதுக்காக அதில வைத்த நிக்கல் கட்மியம் பற்றரி காலப்போக்கில் கசிந்து, செப்புக் கோடுகளை அரித்துவிடும். மேலே தகரக் கவசம் மூடியிருப்பதால் வெளியில தெரியாது. ஆகவே வாங்க முதல் கவசத்தைத் திறந்து எடுத்த படத்தைக் கேளுங்கோ. பச்சை பூத்திருந்தால் விட்டிடுங்கோ. அமிகா 600, 1200 ஆகியவற்றின் போட்டுகள் வேறு, இதுக்குப் பொருந்தாது. எங்கட கருத்து: ஒரிஜினல்தான் வேணும் எண்டு அடம்பிடிக்கத் தேவையில்லை. ஆர்வலர்கள் இப்பவும் புதிதாகச் செய்து விற்கிற போட்டுகள் பாதுகாப்பானவை.

நிறுவனம் செத்த பிறகும் புதுப் போட் வருதெண்டால் காரணம் என்ன? அந்தப் பெட்டி திறக்கக்கூடியது. சுற்றுவரைபடம் எவருக்கும் கிடைக்கும்.

இப்ப எங்கட மடிக்கணினிகளைப் பாருங்கோ. 2008 இல் வந்த முதலாவது மக்புக் எயாரிலேயே மெமரி தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. இண்டைக்கு மெல்லிய மடிக்கணினிகள் பலதும் அப்படித்தான். மெலிசாகச் செய்ய அது உதவுதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு வருசத்தில மெமரி போதாமல் போனால், கூட்ட வழியில்லை; முழு மெசினையும் மாற்ற வேணும். கடன் வாங்கிப் படிப்புக்காக மடிக்கணினி எடுக்கிற பிள்ளைக்கு அது சின்ன விசயமில்லை.

அதனால அடுத்த முறை கடைக்குப் போகேக்க, நிறத்தையும் எடையையும் பார்க்க முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: "இதுக்குப் பிறகு மெமரி கூட்டலாமோ?"