ஒப்பேற்றக்கூடாத இடம்

யாழ்ப்பாணத்தில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாண்ட் றோவர்களைப் பற்றி எழுதுமாறு நண்பர் ஒருவர் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவற்றின் பெருமையை எழுதவே எண்ணியிருந்தேன். அண்மையில் அவருடைய வாகனத்திலேயே பரந்தனிலிருந்து திரும்பியபோது நேர்ந்த ஒரு நிகழ்வு, எழுதவேண்டியது பெருமையை அல்ல, எச்சரிக்கையை என்று உணர்த்திவிட்டது.

ஆனையிறவைக் கடந்து இயக்கச்சியை அணுகிக்கொண்டிருந்தோம். வேகம் மணிக்கு 65 கிலோமீற்றர் அளவில் இருந்தது. வீதியிலிருந்த சிறு மேடொன்றில் இடது முன்சில்லு ஏறி இறங்கியது. அடுத்த கணமே ஸ்ரியரிங் வளையம் நண்பரின் கைகளிலிருந்து பிடுங்கிக்கொள்வதுபோல இடமும் வலமுமாக அடித்தது. வாகனம் முழுவதும் நடுங்கியது. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நண்பர் பதறிப் பிரேக்கை மிதிக்கவில்லை. வளையத்தை இறுகப் பிடித்தபடி அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தார். வேகம் குறைந்ததும் நடுக்கம் தானாகவே அடங்கியது. "இது இடைக்கிடை வாறதுதான், பயப்பிடாதேங்கோ" என்றார். அந்தச் சொல்தான் என்னைப் பயமுறுத்தியது.

'இடைக்கிடை வருவது' என்று ஏற்றுக்கொள்ளும் இந்த மனநிலை எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், பொருளாதாரத் தடையின் கீழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது ஏறக்குறைய நின்றுபோனது. கார்பரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். உதிரிப்பாகம் கிடையாதபோது கடைசல் பட்டறையில் கடைந்தெடுத்தோம். அந்தக் கைவண்ணத்தால்தான் ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் லாண்ட் றோவர்களும் உயிர் பிழைத்தன. அந்த மெக்கானிக்குகளுக்கு இச்சமூகம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளது.

ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். ஒப்பேற்றிய இயந்திரம் நின்றுபோனால் வாகனம் வீதியோரத்தில் நிற்கும், இறங்கித் தள்ளலாம். ஒப்பேற்றிய ஸ்ரியரிங் கைவிட்டால், வாகனத்தில் உள்ளவர்களோடு எதிரே வருபவரின் உயிரும் போகும். மேலும், அன்று குண்டும் குழியுமான வீதிகளில் 30 கிலோமீற்றருக்கு மேல் ஓடுவதே அரிது. அந்த வேகத்தில் இக்குறை தலைகாட்டாது. 2009இல் போர் முடிந்த பின்னர் ஏ9 வீதி புனரமைக்கப்பட்டது. வீதி சீரானது, வேகம் கூடியது, ஒளிந்திருந்த தளர்வு வெளிப்பட்டது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய நோயன்று. இரு முன்சில்லுகளும் ஒரே திண்ம அச்சில் பொருத்தப்பட்ட எல்லா வாகனங்களிலும் இது வரக்கூடும். 1930களில் கார் உற்பத்தியாளர்கள் அவ்வமைப்பைக் கைவிடத் தொடங்கியதற்கு இந்த நடுக்கமும் ஒரு காரணம். மணலிலும் சேற்றிலும் உறுதியாக நிற்கவேண்டிய ஜீப்களும் லாண்ட் றோவர்களும் அதை வைத்துக்கொண்டன. மூட்டுக்களில் சிறு சிறு தளர்வுகள் சேரும்போது, குறிப்பிட்ட ஒரு வேகத்தில் விழும் ஓர் அடி ஊஞ்சலை உந்திவிட்டதுபோலாகிறது. பின்னர் ஒவ்வோர் ஆட்டமும் அடுத்ததை வளர்க்கிறது.

நண்பர் முதலில் நாடிய கராச்சில், ஸ்ரியரிங் டாம்பர் ஒன்றைப் பூட்டினால் போதும் என்றார்களாம். காய்ச்சலின் காரணத்தை அறியாமல் பனடோல் கொடுப்பது போன்றது இது. டாம்பர் அதிர்வை அடக்கும், தளர்வை நீக்காது. தேய்மானம் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். இன்னோரிடத்தில் ஸ்ரியரிங் பெட்டியின் திருகை இறுக்கிவிட்டார்கள். வளையம் கனத்ததே தவிர நடுக்கம் போகவில்லை.

கடைசியில் ஒரு மூத்த மெக்கானிக் அதை ஒழுங்குமுறையாகப் பார்த்தார். அந்த ஒழுங்கை வாசகர்களுக்காகப் பதிவுசெய்கிறேன்.

முதலில் ரயர்கள். காற்றழுத்தம், வீக்கம், வளைந்த றிம், தளர்ந்த நட்டுகள். முன் ரயர்களைப் பின்னுக்கு மாற்றிப் பூட்டி ஓடிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

அடுத்து, முன்சில்லை ஜக்கில் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தார். ஆட்டம் தெரிந்தது. உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் அசைத்தார். அப்போது ஆட்டம் மறைந்தால் குறை சில்லுப் பெயாரிங்கில். மறையாவிட்டால் சில்லு திரும்புகின்ற கிங் பின்னில். மறையவில்லை.

பின்னர் வாகனத்தைத் தரையில் இறக்கி, ஒருவர் வளையத்தைச் சிறிது சிறிதாக இருபுறமும் திருப்ப, அவர் கீழே படுத்து மூட்டுக்களைக் கவனித்தார். பழைய வில்தட்டு லாண்ட் றோவரில் மூன்று தண்டுகள், ஆறு போல் ஜொயின்ற்கள். அவற்றில் இரண்டு தேய்ந்திருந்தன. ஒன்றில் ஸ்பிளிட் பின் இருக்கவேண்டிய துளையில் ஓர் ஆணி வளைத்துச் செருகப்பட்டிருந்தது. எந்தக் காலத்து ஆணியோ!

தண்டுகளைக் கழற்றிய பின்னர், மீன் நிறுக்கும் சுருள் தராசைக் கொழுவி இழுத்து, கிங் பின்னின் இறுக்கத்தை அளந்தார். கைநூலில் உள்ள அளவுக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. உப்புக்காற்றில் துருப்பிடித்த கோளத்தின் வழியாக எண்ணெய் ஒழுகிப்போக, உள்ளிருந்த புஷ் உலர்ந்து தேய்ந்துவிட்டது. புஷ்ஷை மாற்றி, மெல்லிய சிம் தகடுகளைக் குறைத்து, இறுக்கத்தை மீட்டார். வில்தட்டுப் புஷ்களையும் பார்த்த பின்னர், இறுதியாகவே முன்சில்லுகளின் உட்சாய்வை ஓரிரு மில்லிமீற்றருக்குள் சரிசெய்தார்.

ஓர் எச்சரிக்கை. முன் குறுக்குச் சட்டத்துக்குள் இருக்கும் ஸ்ரியரிங் றிலேக்குள் வலிய சுருள்வில் ஒன்று அமுக்கப்பட்டுள்ளது. முறையறியாதவர் அதைப் பிரிக்க முயலக்கூடாது. பாய்ந்து வந்தால் ஆளையே கொல்லக்கூடியது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், புதிய வாகனம் பலருக்கு எட்டாத உயரத்திலேயே உள்ளது. ஆகவே பழையவை இன்னும் பல காலம் ஓடும், ஓடட்டும். வருமான அனுமதிப்பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனை செய்கிறோம். அந்தச் சோதனை ஆணி செருகிய மூட்டைப் பார்ப்பதில்லை. பழைய வாகனங்களின் ஸ்ரியரிங்கையும் பிரேக்கையும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதிக்கும் ஏற்பாடு வேண்டும் என்பது என் கருத்து. அது வரும்வரை உரிமையாளரே அதைச் செய்துகொள்ளவேண்டும். ஒரு ஜக், ஓர் உதவியாள், அரைமணி நேரம் போதும்.

நண்பர் அந்த ஆணியை இப்போது வாகனத்தின் முன்தட்டில் வைத்திருக்கிறார். இல்லாமையின் காலத்தில் யாரோ ஒருவர் நல்லெண்ணத்துடன் செருகிய ஆணி அது. அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஸ்பிளிட் பின் கடையில் கிடைக்கும் காலத்திலும் அதை மாற்றாமல் விட்ட நாங்கள்தான் பதில் சொல்லவேண்டியவர்கள்.