ஒப்பந்தம் மட்டும் ஓடியவரைப் பிடிக்காது

இடுக்கி மாவட்டம் ஏலப்பாறையில் பதிவான வழக்கில் தேடப்படும் ஒருவர் குமுளி தாண்டித் தமிழ்நாட்டின் கம்பத்துக்கோ தேனிக்கோ போய்விட்டால் போலீசுக்கு அது பெரிய தடை இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 79-ஆம் பிரிவுப்படி பிடிவாரண்ட் நாடு முழுக்கச் செல்லும். அதே ஆள் நெடும்பாசேரியில் விமானம் ஏறி ரியாத்தில் இறங்கிவிட்டால் நிலைமை வேறு. அங்கே நம் போலீஸ் அவரைத் தொட முடியாது; அந்த நாடுதான் அவரைப் பிடித்து, தன் சட்டப்படி பரிசீலித்து, ஒப்படைக்க வேண்டும். இதற்காக இந்தியா 40-க்கும் மேற்பட்ட நாடுகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆகவே நமக்கு இப்போது முதல் தேவை இன்னும் சில கையெழுத்துகள் அல்ல. நம் ஸ்டேஷனில் தயாராகும் கோப்பையும் நம் சிறைகளின் நிலையையும்தான் சீர்செய்ய வேண்டும்.

கொல்லத்தில் நடந்தது இதற்குச் சாட்சி. அங்கே 2017-இல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி, பின்னர் உயிரை மாய்த்துக்கொண்டாள். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த குற்றம் சாட்டப்பட்டவர் சவூதிக்குத் திரும்பிவிட்டார். இன்டர்போல் அறிவிப்பு வெளியான பிறகும் வழக்கு நகரவில்லை. 2019-இல் மாநகர போலீஸ் கமிஷனராகப் பொறுப்பேற்ற மெரின் ஜோசப், நிலுவையில் கிடந்த வழக்குகளைப் புரட்டியபோது இது கண்ணில் பட்டது. அந்த ஜூலையிலேயே அவர் தலைமையில் ஒரு குழு ரியாத் சென்று அந்த ஆளைக் கொண்டுவந்தது. சவூதியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது 2010-இல். கேரள போலீஸ் அதைப் பயன்படுத்தி ஒருவரைக் கொண்டுவர ஒன்பது ஆண்டுகள் ஆயின. இடையில் ஒப்பந்தத்தில் எதுவும் மாறவில்லை. கோப்பை விடாமல் துரத்த ஓர் அதிகாரி வந்தார், அவ்வளவுதான்.

ஒரு சாதாரண வழக்குக்கு இத்தனை செலவும் அலைச்சலும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மல்லையா, நீரவ் மோடி வழக்குகளுக்கு டெல்லியில் பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். ஆனால் தோட்டத்து லய வீட்டுப் பெண்ணின் வழக்குக்கு உள்ளூர் இன்ஸ்பெக்டரை விட்டால் வேறு ஆள் இல்லை. குற்றம் இரு நாட்டுச் சட்டத்திலும் தண்டனைக்குரியதா, தேடப்படுபவர் இவர்தானா, ஆதாரம் எது என்பதையெல்லாம் வெளிநாட்டு நீதிமன்றத்துக்குப் புரியும்படி எழுத வேண்டும். அது மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என்று பல மேசைகளைக் கடந்து போக வேண்டும். 2025 ஜனவரியில் சிபிஐ தொடங்கிய பாரத்போல் தளம் இன்டர்போல் கோரிக்கைகளை விரைவுபடுத்தலாம். ஆனால் அரைகுறைக் கோப்பு வேகமாகப் போய்ச் சேர்ந்தாலும் அரைகுறைதான். மாவட்டத்துக்கு ஒரு பயிற்சி பெற்ற அதிகாரியும் ஓர் அரசு வழக்கறிஞரும் இதற்கென்றே இருந்தால் இந்தக் குறை பெருமளவு தீரும்.

இரண்டாவது தடை நம் சிறைகள். 1995-இல் புருலியாவில் ஆயுதம் வீசப்பட்ட வழக்கில் தேடப்படும் கிம் டேவியை டென்மார்க் நீதிமன்றங்கள் 2011-இலும் 2024-இலும் ஒப்படைக்க மறுத்தன. இங்கே சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம் உண்டு என்றன. ஆயுத இடைத்தரகர் சஞ்சய் பண்டாரி விஷயத்தில் லண்டன் உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் திகார் சிறையின் நிலையைச் சுட்டிக்காட்டியது. நம் சிறையைப் பற்றிப் பேச இவர்கள் யார் என்ற கோபம் எழுவது இயல்பு. ஆனால் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த வாதத்தை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். மாறாக, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது நமக்குப் பலம். 25 ஆண்டுக்கு மேல் சிறை இல்லை என்று போர்ச்சுகலுக்கு உறுதி கூறி அபு சலேமை 2005-இல் கொண்டுவந்தோம். அந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. அடுத்த நாடு நம்மை நம்புவதற்கு அந்தத் தீர்ப்பு உதவும்.

ஒப்படைப்பு எளிதானால் அரசுகள் தமக்குப் பிடிக்காதவர்களை வேட்டையாடும் என்ற அச்சமும் நியாயமானதே. அதனால்தான் 1962-ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டம் அரசியல் தன்மையுள்ள குற்றங்களுக்கு விலக்கு அளிக்கிறது; வெளிநாடு கேட்கும் ஆளை அனுப்புமுன் மாஜிஸ்திரேட் விசாரணையும் உண்டு. அந்தக் காவல்களைத் தளர்த்தச் சொல்லவில்லை. நீதிமன்றம் கேள்வி கேட்கட்டும். பதில் சொல்லும் கோப்போடு நாம் போக வேண்டும். இடுக்கி போன்ற மாவட்டத்தில் தொடங்கும் வழக்குக்கும் அந்தத் தரத்தில் கோப்பு தயாரானால்தான், டெல்லி போடும் ஒப்பந்தங்கள் ஏழைக்கும் பயன்படும்.