சுமை வேலையில் இல்லை, காத்திருப்பில் இருக்கிறது

ஆய்வு மாணவர்களின் மன அழுத்தத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'வேலைப்பளு' என்ற சொல்லே முன்வந்து நிற்கிறது. அதன் பின்னே மூச்சுப் பயிற்சி, தியானம், ஒருநாள் பயிலரங்கு எனத் தீர்வுகள் வரிசையாக வருகின்றன. இவற்றின் பயனை நான் மறுக்கவில்லை. எனினும் நோயின் பெயரைச் சரியாகச் சொல்கிறோமா என்னும் ஐயம் எனக்குண்டு. நம்மை அன்றாடம் அரிப்பது வேலை அன்று. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பே.

நெறியாளரிடம் கொடுத்த இயல் எப்போது திரும்பும்? உதவித்தொகை இம்மாதம் வருமா, நான்கு மாதத்திற்கும் சேர்த்து வருமா? புறத்தேர்வாளரின் அறிக்கை எங்கே தங்கியிருக்கிறது? இவற்றிற்கு விடை கிடைக்காதவரை, உடல் நூலகத்தில் அமர்ந்திருந்தாலும் மனம் அலுவலக வாசலில்தான் நிற்கும்.

இது வெறும் மனக்குறை அன்று. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். கணினித் திரையில் தோன்றும் பாறையின் அடியில் பாம்பு உண்டா என்று 45 பேர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிதரும் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்த வேளையைவிட, வரவும் வராதிருக்கவும் சரிபாதி வாய்ப்பு இருந்த வேளையிலேயே அழுத்தம் உச்சத்தைத் தொட்டது. கண்மணியின் விரிவும் தோலின் வியர்வையும் அதற்குச் சான்றாயின.

சிறிது நேர அழுத்தத்தை உடல் தாங்கிக்கொள்ளும். அது மாதக்கணக்கில் நீளும்போது உறக்கம் கெடுகிறது. இரத்த அழுத்தம் கூடுகிறது. நோய் எதிர்ப்பாற்றல் தளர்கிறது. 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு, பிரிட்டன் அரசு ஊழியர்களில் கடைநிலையில் இருந்தோரே இதயநோயால் மிகுதியாக இறந்ததைக் கண்டது. தம் பணியின்மீது தமக்குக் கட்டுப்பாடு இன்மை இதயநோய்க்கு ஒரு முக்கியக் காரணி என்பதைப் பின்னர் நடந்த இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வு எடுத்துக்காட்டியது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? கவலையை நாள் முழுவதும் பரவவிடாமல், அதற்கென அரை மணி நேரத்தை ஒதுக்கும் முறையை உளவியலாளர் தாமஸ் போர்கோவெக்கும் அவர்தம் குழுவினரும் 1983இல் ஆராய்ந்து எழுதினர். இடையில் எழும் கவலையைக் குறித்து வைத்துவிட்டு, அந்த நேரத்தில் மட்டும் எடுத்துப் பார்க்க வேண்டும். நம் கையில் உள்ளதற்கு ஒரு செயலை எழுதலாம். பிறர் கையில் உள்ளதற்கு யாரிடம், எந்த நாளில் கேட்பது என்று எழுதலாம். படுக்கைக்குச் செல்லும் நேரத்தை மட்டும் இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வாரக்கணக்கில் உறக்கம் இன்றித் தவிப்போர் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

ஆனால் மாணவர் எழுதும் நாளுக்கு மறுமுனையில் மதிப்பு இருக்க வேண்டும். ஆய்வேடு அளித்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் வாய்மொழித் தேர்வு முடிவுவரை அனைத்தும் நிறைவுற வழிசெய்ய வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் கூறுகின்றன. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் மாணவர் தோன்ற வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. அந்தக் கூட்டத்தில் மாணவரின் முன்னேற்றத்தைக் கேட்பது போலவே, அவருக்குத் துறை தரவேண்டிய விடைகளையும் ஏன் பதிவுசெய்யக் கூடாது?

ஆய்வு என்பதே நிச்சயமின்மைதானே என்பர் சிலர். உண்மை. ஆய்வுக் கேள்வியின் நிச்சயமின்மை அறிவை வளர்க்கும். கோப்பின் நிச்சயமின்மை எதை வளர்க்கிறது?

நெறியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். "பார்க்கிறேன்" என்பதற்கு மாறாக, "இருபதாம் தேதி தருகிறேன்" என்று சொல்லுங்கள். இயலாமற்போனால் வேறொரு தேதியைச் சொல்லுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், பயிலரங்கும் வேண்டாம். ஒரு மாணவர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார்.