பொதுநிலக் குத்தகையும் கானுயிரும்

பொதுவுடைமையாகிய ஒரு பொருளை ஆளுங்கால் அரசாங்கத்தார்க்கு இருவகைக் கடமைகள் உண்டு. அப்பொருளால் இன்று வாழ்வார்க்குப் பயன் விளைத்தல் ஒன்று. பின் வருவார்க்கு அது குன்றாமற் காத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் பெரும்பாலும் இணங்கிச் செல்லும், சிலவிடத்து முரணும். முரணுமிடத்து எப்பொழுது ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள். அதற்குச் சான்றாக அமெரிக்க ஐக்கிய மாகாணங்களின் மேற்குப் பகுதியிலுள்ள வயோமிங் மாகாணத்தை நோக்குகின்றோம். அங்கே நிலத்தின்மேல் மானும் பறவையும் வாழ, நிலத்தின்கீழ் எரிவாயு நிறைந்து கிடத்தலின், இம்முரண் ஐயத்துக்கிடமின்றி விளங்குகின்றது.

அந்நாட்டில் பொதுநிலப் பரிபாலன இலாகாவின் பொறுப்பில் ஏறத்தாழ 24 கோடியே 50 இலட்சம் ஏக்கர் நிலம் உள்ளது. அது தனிமனிதர் எவர்க்கும் உரியதன்று. அந்நாட்டு மக்கள் யாவர்க்கும் பொது. 1920-ஆம் ஆண்டுச் சுரங்கக் குத்தகைச் சட்டம் வருமுன், பொதுநிலத்தில் எண்ணெய் கண்டவர் அந்நிலத்தையே தமதாக்கிக்கொள்ள வழியிருந்தது. அச்சட்டம் நிலத்தை மக்கள் கையிலேயே நிறுத்தி, எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் உரிமையை மட்டும் குத்தகைக்கு விடுமாறு விதித்தது. 1976-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம், அந்நிலம் மேய்ச்சல், சுரங்கம், வேட்டை, கானுயிர், நீர்நிலை முதலிய பல பயன்களுக்கும் ஒருங்கே உரியது என்றும், அதன் விளைவு என்றும் குன்றலாகாது என்றும் வகுத்தது. எழுத்தளவில் இச்சட்டங்களிற் குறை காண்டல் அரிது. குறை, குத்தகை கொடுக்கும் முறையிலே இருக்கின்றது.

அம்முறையைச் சிறிது விளக்குவோம். கம்பெனியார் தமக்கு வேண்டிய நிலப்பகுதிகளைக் குறித்துக் கொடுப்பர். இலாகா அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவரும். மிகுதியாகக் கேட்பவர் பத்தாண்டுக் குத்தகை பெறுவர். எண்ணெயோ வாயுவோ பயன்தரும் அளவிற் கிடைக்குங்காறும் அக்குத்தகை நீளும். 1987 முதல் 2022 வரை, ஏலத்தில் ஏக்கர் ஒன்றுக்குக் கேட்கவேண்டிய மிகக் குறைந்த தொகை 2 டாலர். 2022-இல் அது 10 டாலராக்கப்பட்டது. கிணறு எங்கே தோண்டப்படும், சாலை எவ்வழிச் செல்லும் என்னும் விவரங்களோ, சீட்டுக் கைமாறிய பின்னரே இலாகாவின் முன் வரும். பறவைகள் கூடும் களமோ மான்கள் செல்லும் வழியோ அவ்விடத்துண்டு என்று அப்பொழுது அறிந்தால் யாது செய்தல் கூடும்? குத்தகையிற் சிறப்பு நிபந்தனை முன்னரே எழுதப்படாவிடின், கிணற்றை 200 மீட்டர் தள்ளிவைக்கவும், ஆண்டுக்கு 60 நாள் வேலையைத் தாமதிக்கவும் கட்டளையிடலாம் என்பதே நெடுங்காலம் இருந்த விதி. 2024-இல் இவ்வளவு 800 மீட்டரும் 90 நாளுமாக உயர்த்தப்பட்டது. இது வேண்டாம் என்று முற்றும் மறுக்கும் அதிகாரமோ, ஏலத்தோடே பெரும்பாலும் கைவிட்டுப் போகின்றது.

இனி, விதி தந்த அளவையும் உயிர்கள் வேண்டும் அளவையும் ஒப்பிட்டு நோக்குவோம். வயோமிங்கின் உயர்ந்த வறள்நிலம் எங்கும் சேஜ் என்னும் சாம்பல்நிறப் புதர் பரந்து கிடக்கின்றது. நம் மகளிர் சூடும் மரிக்கொழுந்தும் அதுவும் ஓரினத்தன. அப்புதரை நம்பி வாழ்வது சேஜ் கிரவுஸ் என்னும் நிலப்பறவை. குளிர்காலத்தில் அப்புதரின் இலையன்றி அதற்கு வேறுணவு இல்லையென்றே கூறலாம். இளவேனிலில் ஆண்பறவைகள் ஆண்டுதோறும் ஒரே களத்தில் வைகறையிற் கூடி, மார்பிலுள்ள காற்றுப்பைகளைப் பருக்கச் செய்து, விந்தையான ஒலியெழுப்பி ஆடும். பெண்பறவைகள் அவ்வாட்டத்தைக் கண்டும் அவ்வொலியைக் கேட்டும் துணை தேரும். அக்களத்தைச் சுற்றிக் கால் மைல் தொலைவிற் கிணறு வையாதொழிந்தாற் போதுமென இலாகா முன்னர்க் கருதியிருந்தது. ஆராய்ச்சியாளரோ மூன்று மைல் தொலைவிலும் கிணற்றின் தீங்கு எட்டுதலைக் கண்டனர். கலிபோர்னியா சர்வகலாசாலையினர் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று இன்னும் தெளிவானது. அவர்கள் வயோமிங்கில், சில களங்களினருகே ஒலிபெருக்கி வைத்து, பதிவு செய்த ஓசையை மட்டும் எழுப்பினர். துளையிடும் ஓசை கேட்ட களங்களிற் கூடும் ஆண்பறவைகள் நூற்றுக்கு 29-உம், சாலையோசை கேட்ட களங்களில் நூற்றுக்கு 73-உம் குறைந்தன. ஓசையைத் தடுக்க 200 மீட்டர் ஒரு வேலியாகுமோ?

மானினத்தின் நிலையும் இத்தகையதே. பைன்டேல் என்னும் சிற்றூரின் அருகே ஏறத்தாழ 1,98,000 ஏக்கர்ப் பரப்புள்ள எரிவாயு வயல் ஒன்றுண்டு. மலைகளிற் கோடையைக் கழிக்கும் மியூல் மான்கள் பனிக்காலத்தில் அவ்வயல் அமைந்த தாழ்நிலத்துக்கு இறங்கி வருவன. ஆழ்ந்த பனியில் நடத்தலும் தீனி தேடலும் அரிதாதலின், அத்திங்கள்களில் அவை உடலிற் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவிட்டே உயிர்தாங்கும். அஞ்சி ஓடும் ஒவ்வோர் ஓட்டமும் அச்சேமிப்பைக் கரைக்கும். இஃதறிந்தே, நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் முடிய அங்குத் துளையிடலாகாதென விதித்திருந்தனர். 2008-இல் இலாகா அவ்வயலில் மேலும் 4,399 கிணறுகள் வரை தோண்ட இசைந்து, குறித்த பகுதிகளில் ஆண்டு முழுதும் வேலை நடத்தவும் இடங்கொடுத்தது. அதற்கு ஈடாக, ஒரே தளத்திலிருந்து சாய்வாகப் பல கிணறுகளைத் துளைக்கவும், கிணற்றிலிருந்து வரும் நீர்மங்களை லாரிகளில் ஏற்றாது குழாய்வழிக் கொண்டுசெல்லவும் கம்பெனியார் உடன்பட்டனர். மான்தொகை நூற்றுக்கு 15 குறைந்தால் மாற்றுவழி தேடவேண்டுமென்றும் எழுதிவைத்தனர். ஆகவே, காக்கும் முயற்சியே இல்லையென்று கூறுதல் முறையன்று.

அவ்வளவு முயன்றும் விளைந்தது யாது? 17 ஆண்டு தொடர்ந்து நிகழ்ந்து 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சி, அம்மான்கூட்டம் நூற்றுக்கு 36 சுருங்கிற்று என உரைக்கின்றது. வேட்டையிற் கொல்லப்படும் மான்களின் தொகையை நூற்றுக்கு 45 குறைத்தும் இக்குறைவு நேர்ந்தது. நாளடைவில் மான்கள் பழகிவிடும் என்றிருந்த நம்பிக்கையும் பொய்த்தது. 15 ஆண்டுக்குப் பின்னும் அவை கிணற்றுத்தளங்களினின்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் விலகியே நின்றன. மான் வேண்டியது 1,000 மீட்டர். அக்காலத்து விதி தந்தது 200 மீட்டர். குறித்த 15-ஐக் கடந்து மான்தொகை குறைந்தபொழுது மாற்றுவழிகளைத் தேடினரேயன்றி, விற்ற உரிமையை மீட்க அவர்களுக்கு வழியில்லை.

பிராங்ஹார்ன் என்னும் கவர்கொம்பு விலங்கின் வரலாறு மற்றொரு குறையைக் காட்டும். இவ்விலங்குகளின் ஒரு கூட்டம் கிராண்ட் டீட்டன் மலையடிவாரத்திற் கோடையைக் கழித்து, நூறு மைலுக்கு மேல் நடந்து, பைன்டேலைச் சார்ந்த தாழ்நிலத்துக்கு வருகின்றது. வழியிலுள்ள டிராப்பர்ஸ் பாயின்ட் என்னும் குறுகிய இடத்தில் அகழ்ந்தெடுத்த எலும்புகள், ஏறத்தாழ 6,000 ஆண்டுக்கு முன்னரும் இவ்விலங்குகள் அவ்வழியே சென்றமையைக் காட்டுகின்றன. 2008-இல் வன இலாகா தன் எல்லைக்குட்பட்ட பகுதியில் அவ்வழியைக் காத்தற்குரியதென விதித்தது. விலங்குகள் வலசை செல்லும் வழியொன்றை அந்நாட்டு மத்திய அரசாங்கம் இவ்வாறு காத்தது அதுவே முதன்முறை. ஆயின் வனத்தின் எல்லை கடந்து பொதுநிலப் பரிபாலன இலாகாவின் நிலத்திற் புகுந்தவிடத்து அக்காவல் தொடரவில்லை. வழியிற் பாதியைக் காத்தல் பாலத்திற் பாதியைக் கட்டுதல் போலும்.

மறுப்புரைப்பார் கூற்றையும் கேட்டல் வேண்டும். குத்தகை வருவாயில் ஏறக்குறையப் பாதி அந்தந்த மாகாணத்துக்குச் செல்கின்றது. வயோமிங்கில் தனிமனிதர் வருமானத்துக்கு மாகாண வரி இல்லை. பள்ளிகள் பெரிதும் சுரங்க வருவாயின் துணையால் நடைபெறுகின்றன. எரிவாயு வயலில் உழைப்போர் பலர் வீட்டில் அடுப்பெரிவதும் அதனாலே. எரிக்குங்கால் நிலக்கரியினும் எரிவாயு குறைந்த மாசுடையது. மேலும், எண்ணெயின் பயனை நாள்தோறும் துய்க்கும் நாம், பிறர் நாட்டுக் கிணற்றை மட்டும் பழித்தல் தகாது. இவையனைத்தும் உண்மை. கிணறே ஆகாதென்பது எம் கருத்தன்று.

ஆயினும், கானுயிர்க்குச் சில இடங்களை விலக்கிவைத்தால் நாட்டுக்கு எரிபொருள் இல்லாது போகும் என்னும் வாதம் கணக்குக்கு ஒவ்வாது. 2020-இல் அந்நாட்டுப் பொதுநிலத்தில் எண்ணெய்க்கும் வாயுவுக்குமாகக் குத்தகையிலிருந்தது ஏறத்தாழ 2 கோடியே 60 இலட்சம் ஏக்கர். அதிற் பாதிக்குக் குறைவான நிலமே விளைவு தந்துகொண்டிருந்தது. எஞ்சியது சீட்டளவில் நின்றது. எடுப்பாரின்றிக் கிடக்கும் குத்தகையும், அது முடியுங்காறும் அந்நிலத்தைப் பிற பயன்களுக்கு வகுத்துவைத்தலைத் தடுக்கின்றது.

விலக்கிவைத்தல் இயலும் என்பதற்கு அதே மாகாணத்திலே சான்றுண்டு. பைன்டேலுக்கு மேற்கேயுள்ள வயோமிங் மலைத்தொடரில் குத்தகை பரவத் தொடங்கியபொழுது, அதனைத் தடுக்க முன்வந்தோர் வெளியூர்க் கானுயிர் அன்பர் மட்டுமல்லர். அவ்வூர் வேட்டைக்காரரும், மாட்டுப்பண்ணையாரும், எரிவாயு வயலிற் கூலிவேலை செய்வோருங்கூட அவருள் இருந்தனர். வயலில் உழைத்துண்ணும் தமக்கு, மலையாயினும் எஞ்சுதல் வேண்டும் என்பது அவர் வேட்கை. மேற்சபை உறுப்பினர் கிரேக் தாமஸ் தொடங்கிய முயற்சியை, அவர் 2007-இல் மறைந்தபின் ஜான் பராசோ ஏற்று நடத்தினார். இருவரும் எண்ணெய்த் தொழிலுக்குப் பகைவரல்லர். 2009 மார்ச்சுத் திங்களில் நிறைவேறிய சட்டம், அம்மலைத்தொடரில் 12 இலட்சம் ஏக்கரை இனிக் குத்தகைக்கு விடலாகாதென விலக்கிற்று.

ஆயின் அச்சட்டத்தாலும் முன்னர் விற்ற சீட்டுகளை அழித்தல் இயலவில்லை. அவற்றுள் 58,000 ஏக்கருக்குரியவற்றை ஒரு கம்பெனியிடமிருந்து மீட்க, டிரஸ்ட் பார் பப்ளிக் லேண்ட் என்னும் அறநிலையம் 2012-இல் 87 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு உடன்படிக்கை செய்து, அத்தொகையை நன்கொடையாளரிடம் தண்டிக் கொடுத்தது. ஏக்கர் ஒன்றுக்கு ஏறத்தாழ 150 டாலர் ஆயிற்று. ஏலத்தில் 2 டாலர் கேட்டாலும் போதும் என்றிருந்த காலத்தில், விற்றதை மீட்க நேர்ந்த விலை இது. மக்கள் தம் நிலத்துக்குத் தாமே விலை கொடுக்க நேர்ந்தமை, விற்குமுன் ஆராயாமையின் பயனன்றோ?

இந்நிலையில், 2025 ஜூலைத் திங்களில் இயற்றப்பட்ட சட்டமொன்று எமக்குக் கவலை தருகின்றது. வயோமிங் முதலிய மாகாணங்களில் மூன்று திங்களுக்கு ஒருமுறை ஏலம் நடத்தியே தீரவேண்டும் என்றும், கம்பெனியார் குறித்துக்கொடுத்தவற்றுள் குத்தகைக்குத் திறந்துள்ள நிலப்பகுதிகளிற் பாதிக்குக் குறையாமல் ஏலத்துக்கு வைக்கவேண்டும் என்றும் அது விதிக்கின்றது. 2022-இல் விளைவில் நூற்றுக்கு 16-க்குச் சற்று மேலாக உயர்த்தப்பட்ட அரசுப் பங்கும் பழைய 12.5-க்கே குறைக்கப்பட்டது. விலை குறைந்ததினும், ஆராய்ந்து நிற்கும் உரிமை குறைந்ததே பெரிதென்போம். நிலத்தைக் காக்கும் அலுவலர் உறுதியாக மறுத்துரைக்கத்தக்க இடம் ஏலத்தின் முன்வாயில் ஒன்றே. அவ்வாயிலை நாட்கணக்கு வைத்துத் திறந்துவிட்டால், பின்னர் எழுதும் நிபந்தனைகள் சிறு பயனே தரும்.

யாம் வேண்டுவன மூன்று. முதலாவது, ஒரு நிலப்பகுதியை ஏலத்துக்கு வைக்குமுன், அங்கு வாழும் உயிர்களைப் பனிக்காலத்தும் இனப்பெருக்கக் காலத்தும் கணக்கெடுத்தல் வேண்டும். இரண்டாவது, பறவை கூடும் களங்களையும் மான் செல்லும் வழிகளையும், இலாகாக்களின் எல்லையைப் பொருட்படுத்தாது முழுமையாக விலக்கிவைத்தல் வேண்டும். இது கைகூடாததன்று. 2008-இல் வயோமிங் ஆளுநர் பிராய்டென்தால், சேஜ் கிரவுஸ் மிகுந்த பகுதிகளை வரையறுத்து, அவற்றுள் சராசரி 640 ஏக்கருக்கு ஒரு கிணற்றுத்தளத்துக்கு மேல் ஆகாதென ஆணையிட்டார். மாகாணத்தின் எரிவாயுத் தொழில் அதனால் நின்றுவிடவில்லை. மூன்றாவது, உயிர்த்தொகை குறித்த அளவுக்குக் கீழ் இறங்கினால் மேற்கொண்டு துளையிடுதல் நிறுத்தப்படும் என்னும் நிபந்தனையைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதுதல் வேண்டும். சீட்டில் எழுதாத நிபந்தனை பின்னர் வேண்டுகோளாகவே முடியும்.

இக்கல்லூரி மாணவருட் சிலர் நாளை நிலத்தை ஆளும் அலுவல்களில் அமர்தல் கூடும். நம் நாட்டிலும் குன்றும் காடும் கடற்கரையும் ஏதேனும் ஒன்றன் பொருட்டுக் குத்தகை கேட்கப்படுவனவே. அவர் மேசைக்கு வரும் தாள்களுள் ஒரு சிறு சீட்டாகவே அது தோன்றும். அதிற் கையெழுத்திடுமுன், அந்நிலத்தை மழைக்காலத்தில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் நேரிற் சென்று கண்டு வருவாராக.