சத்தம் போட்ட மோடமே மேல்

இப்போது வீட்டில் இணையம் நின்றால் திரையில் வருவது ஒரே வாசகம்: "பிறகு முயலவும்." எதனால் நின்றது, யார் பக்கம் குறை, நாம் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒரு வார்த்தை கிடையாது. டயல்-அப் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு புகைப்படம் முழுதாக இறங்குவதற்குள் காபி போட்டுக் குடித்துவிடலாம். ஆனால் அந்த மோடத்துக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தனக்கு என்ன நோவு என்று வாய்விட்டுச் சொல்லும்.

தொலைபேசிக் கம்பி மனிதர் பேசுவதற்காகப் போடப்பட்டது. கம்ப்யூட்டரின் கணக்கை ஒலியாக மாற்றி அந்தக் கம்பியில் அனுப்பி, வருகிற ஒலியை மறுபடி கணக்காக மாற்றுவதுதான் மோடத்தின் வேலை. எங்களைப் போல பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இது பெயரிலேயே விளங்கும்: மொதுலாத்தர், தெமொதுலாத்தர் என்ற இரண்டு சொற்களின் தலையை வெட்டி ஒட்டியது அது. பிரான்சில் 1982 முதல் 2012 வரை வீடுகளில் இருந்த மினிதெல் பெட்டியும் இதே தொலைபேசிக் கம்பியில் ஓடியதுதான்.

ஒலியாகப் போவதால் கோளாறும் காதுக்குக் கேட்டது. முதல் சோதனை மிகச் சுலபம். மோடம் வயரைக் கழற்றி, அதே இடத்தில் சாதாரண போனைச் செருகிக் கேட்க வேண்டும். டயல் டோன் இல்லையா, கோளாறு லைனில். லைன்மேனுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். டோன் வந்தும் கரகரப்பு இருக்கிறதா, மழைக்காலத்தில் எங்கோ கம்பி இணைப்பில் ஈரம் இறங்கியிருக்கும். போனில் டோன் நன்றாக இருந்தும் கம்ப்யூட்டர் 680 என்ற எண்ணைக் காட்டினால், வயரை மோடத்தின் வேறு துளையில் செருகியிருப்பார்கள். பின்பக்கம் லைனுக்கு ஒன்று, போனுக்கு ஒன்று என இரண்டு துளைகள் உண்டு.

676 என்றால் அந்தப் பக்கம் பிஸி. இரவு பத்து மணிக்கு மேல் போடலாம். 678 என்றால் எதிர்முனை எடுக்கவில்லை. 691 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ ஒத்துப்போகவில்லை. பாதி நேரம் அது பெரிய எழுத்துச் சாவி அழுந்தியிருந்ததால் வருவது. கீச்சும் இரைச்சலுமாகக் கேட்ட அந்தக் கூச்சல், இரண்டு மோடங்களும் என்ன வேகத்தில் பேசலாம் என்று பேரம் பேசிக்கொள்வது. பேரம் நீண்டுகொண்டே போய் அறுந்தால் லைன் அழுக்கு என்று புரியும். நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று அறுந்தால், அடுத்த அறையில் யாரோ பாராலல் போனை எடுத்திருக்கிறார்கள்.

பொறியியல் படிக்காத குமாஸ்தாவும் இவ்வளவையும் தெரிந்துகொள்ள முடிந்தது. இப்போது வந்திருக்கும் ஃபைபர் பெட்டி வாய் திறப்பதில்லை. விளக்கு மட்டும் எரிகிறது. எல்.ஓ.எஸ். என்று எழுதிய இடத்தில் சிவப்பு மினுக்கினால் கண்ணாடி இழையில் ஒளி வரவில்லை என்று பொருள். பெட்டியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. அந்த மூன்று ஆங்கில எழுத்தும் கடுகு அளவு. நம் கண்ணுக்கு எங்கே தெரியும்? பேரன் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயமாக இருந்தால் விட்டுவிடலாம். ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்றை இணையம் வழியே கொடுக்க 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் வந்தது. வங்கிக்கணக்கு, மின்கட்டணம், மருத்துவரிடம் நேரம் கேட்பது எல்லாம் இப்போது அந்த மௌனப் பெட்டி வழியாகத்தான். இவ்வளவையும் அதன் தலையில் ஏற்றியவர்கள், அது படுத்தால் காரணம் சொல்லவும் கடமைப்பட்டவர்கள். நான் கேட்பது பெரிய செலவில்லை. பெட்டி மாட்ட வருகிற பையன் கூடவே ஓர் அட்டை ஒட்டிவிட்டுப் போகட்டும்: எந்த விளக்கு எதற்கு, சிவப்பு வந்தால் என்ன செய்வது, எந்த எண்ணுக்குப் பேசுவது. தமிழில், பெரிய எழுத்தில்.