குளிர் நாட்டில் தோல் அரிக்கிறதா?

சென்ற டிசம்பர் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு சோல் சென்றிருந்தோம். மூன்றாம் நாள், அப்பாவின் படுக்கை விரிப்பில் ரத்தத் துளிகள். இரவெல்லாம் முழங்காலுக்குக் கீழே சொறிந்திருக்கிறார். "இறால் ஒத்துக்கலை போல" என்றார் அம்மா.

காரணம் இறால் அல்ல, வறண்ட காற்று. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும். குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு. அறையில் ஹீட்டர் போட்டால் இன்னும் வறண்டு, தோலின் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அப்பாவோ இதமாக இருக்கிறதென்று அரை மணி நேரம் சுடுநீரில் குளித்து, சோப்புப் போட்டுத் தேய்த்தார். தோலைக் காக்கும் எண்ணெய்ப் பசையும் போயிற்று. அவருக்கு நீரிழிவு வேறு. சிறு வெடிப்பும் ஆறாத புண்ணாகலாம்.

அன்றே வழக்கத்தை மாற்றினோம். வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடக் குளியல். வாசனையற்ற, மென்மையான சோப்பு. துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் கெட்டியான கிரீம். கால்விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். கம்பளிக்குள் பருத்திச் சட்டை. கைநகங்களையும் வெட்டிவிட்டோம். இரண்டாம் இரவு அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

நாள் முழுதும் குளிர்சாதன அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வெடிப்பில் சீழ் வைத்தாலோ, இரண்டு வாரமாகியும் அரிப்பு அடங்காவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். தடிப்பே இல்லாமல் உடம்பெங்கும் அரித்தால், சிறுநீரகம் அல்லது கல்லீரல் கோளாறும் காரணமாக இருக்கலாம்.

இந்த டிசம்பரில் பெட்டி கட்டும்போது, குளிராடைக்கு முன் கிரீமை எடுத்துவையுங்கள்.