பெரிய பாதையில் டிராஃபிக் ஜாம்!

தலையில் இருமுடி. கழுத்தில் துளசி மாலை. காலில் செருப்பு கிடையாது. எனக்கு முன்னால் ஒரு முதுகு, பின்னால் ஒரு தொப்பை. கரிமலை இறக்கத்தில் முப்பத்தைந்து நிமிஷமாக ஓர் அடிகூட நகராமல் நின்றுகொண்டிருந்தேன்.

'அண்ணா சாலையில் ஆபீஸ் டயத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்' என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன். தேறவில்லை. அண்ணா சாலையில் பக்கவாட்டில் பாதாளம் கிடையாது. (மெட்ரோவுக்குத் தோண்டியபோது இருந்தது. அது வேறு கதை.)

இது 2024 டிசம்பரில், மண்டல பூஜைக்கு நாலைந்து நாள் முன்பு நடந்தது. இடம்: சபரிமலையின் பெரிய பாதை.

மாலை போடாத அன்பர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சபரிமலைக்கு ஊர் உலகமெல்லாம் போகிற வழி பம்பை வழி. பஸ்ஸில் இறங்கி, குளித்து, ஐந்து கிலோமீட்டர் ஏறினால் சன்னிதானம். கஷ்டம் நடையில் இல்லை, க்யூவில். இன்னொன்று பழைய வழி. எருமேலியில் பேட்டை துள்ளி, வாவர் பள்ளிவாசலைக் கும்பிட்டு, பேரூர்த்தோடு, காளகெட்டி, அழுதா, கல்லிடும் குன்று, இஞ்சிப்பாறைக் கோட்டை, முக்குழி, கரிமலை என்று ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நடந்து பம்பையைப் பிடிக்க வேண்டும். பாதி வழிக்கு மேல் பெரியார் புலிகள் காப்பகத்துக் காடு. யானைக்குச் சொந்தமான இடம், நாம் கார்த்திகை, மார்கழிக்கு மட்டும் வாடகைக்கு இருக்கிறோம்.

பம்பை வரை ரோடு வந்ததிலிருந்து பெரும்பாலானவர்களுக்குப் பெரிய பாதை மறந்துபோனது. மகர விளக்குச் சமயத்தில் மட்டும் அங்கே எப்போதும் திருவிழாதான். மற்ற நாளில் நிம்மதியாக நடக்கலாம்.

நான் முதல் முறை போனது 2009 டிசம்பரில். பி.காம். முடித்து, விருதுநகரில் ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் வவுச்சர் ஒட்டிக்கொண்டிருந்த காலம். குருசாமி எங்கள் தெருக்காரர். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்பத்தின் உச்சியிலிருந்து கீழே நிற்பவனோடு பேசிப் பேசியே அவருக்கு வாய்த்த குரல், சாதாரணமாக 'தண்ணி குடுங்க சாமி' என்றாலே நாலு வீடு தள்ளிக் கதவு திறக்கும்.

அந்த வருஷம் அழுதாவில் முங்கி, கன்னிசாமி முறைப்படி ஒரு கல்லை எடுத்துக்கொண்டு மேடு ஏறினேன். மூச்சு வாங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. இதில் என்ன அதிசயம் என்பீர்கள். வேறு சத்தமே இல்லை, அதுதான் அதிசயம். எப்போதாவது ஒரு கோஷ்டி சரணம் போட்டுக்கொண்டு கடந்து போகும். அப்புறம் மறுபடி காடு. ராத்திரி விரியில் படுத்தால் மேலே பனி, கீழே பாய், தூரத்தில் யானையை விரட்ட யாரோ தகரம் தட்டுகிற ஓசை. ஆபீஸில் டேலி ஆகாத 312 ரூபாய் பற்றி அந்த மூன்று நாளும் எனக்கு ஞாபகமே வரவில்லை.

அந்த ருசியில் பித்துப்பிடித்துப் போய்த்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பக்கத்தில் எழுதித் தொலைத்தேன்: 'அமைதி வேண்டுமா, க்யூவை விட்டுவிட்டுப் பெரிய பாதையில் நடங்கள்' என்று.

2024 டிசம்பரில் அழுதாக் கரையில் அதற்குத் தண்டனை காத்திருந்தது. பதினான்கு பேர் கொண்ட கோஷ்டி. எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்பு டிராக் பேன்ட், ஒருத்தர் இடுப்பில் ப்ளூடூத் ஸ்பீக்கர், அதில் ஐயப்பன் பாட்டு ரீமிக்ஸ். தலைமை தாங்கிய இளைஞர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"சாமி, நீங்கதானே அந்தக் கட்டுரை எழுதினது? அதைப் படிச்சுட்டுத்தான் ஆபீஸ்ல எல்லாரையும் கிளப்பிட்டு வந்தேன்!"

எழுதுகிறவனுக்கு வாசகர் கிடைத்தால் பூரிப்பு வர வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"அமைதியா இருக்கும்னு எழுதியிருந்தேனே சாமி..." என்று ஸ்பீக்கரைப் பார்த்தபடி இழுத்தேன்.

"ஆமா சாமி, செம அமைதி!" என்று பாட்டுச் சத்தத்துக்கு மேல் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொரு விஷயமும் இருக்கு. பம்பை வழியா போனா பத்துப் பன்னிரண்டு மணி நேரம் க்யூ. இந்த வழியா நடந்தா பாஸ் தர்றாங்க, மேலே தனி லைன். எப்படியும் பன்னிரண்டு மணி நேரம் போகப்போகுது, நடந்தாவது வைப்போமே. கணக்குப் போட்டா இதுதான் லாபம்."

"எம்.பி.ஏ.வா?"

"எப்படி சாமி கண்டுபிடிச்சீங்க!"

பாஸ் விஷயம் நிஜம். காட்டு வழியாக நடந்து வருகிற பக்தர்கள் மறுபடியும் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது பாவம் என்று, அந்த டிசம்பரில் அவர்களுக்குத் தனி பாஸும் தனி வரிசையும் ஏற்பாடு செய்தார்கள். நல்ல மனசோடு செய்த காரியம்தான். ஆனால் பி.காம். முதல் வருஷப் பையனிடம் கேட்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்லியிருப்பான். ஒரு சரக்குக்கு இலவச இணைப்பு கொடுத்தால், சரக்கு வேண்டாதவனும் இணைப்புக்காக வாங்குவான். அதுவரை நடப்பதற்காக நடந்தவர்கள் வந்த பாதைக்கு, நிற்காமல் இருப்பதற்காக நடக்கிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் கட்டுக்கடங்காமல் போக, 2025 ஜனவரி பிறந்ததும் அந்த பாஸை நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் போனது பாஸ் இருந்த நாட்களில். மறுபடி கரிமலை இறக்கத்துக்கு வருகிறேன்.

கரிமலையை ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. வேரும் கல்லுமாய்ப் பாதை. பல இடங்களில் இரண்டு பேர் தாராளமாக நடக்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் ஓரத்துக்குப் போக வேண்டும். ஓரம் என்பது அங்கே கௌரவமான வார்த்தை. முன்னால் எதற்காக நின்றுவிட்டார்கள் என்று தெரியாது. பின்னால் வருகிறவர்களுக்கு நின்றதே தெரியாது. அவர்கள் பாட்டுக்கு சரணம் சொல்லிக்கொண்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். என் முதுகில் அழுத்தம் ஏறியது. முதலில் ஒரு கை, பிறகு ஒரு மார்பு, அப்புறம் மொத்த மலையே சாய்கிற மாதிரி.

அப்போது எனக்கு 2011 ஞாபகம் வந்தது.

2011 ஜனவரி 14. சபரிமலைக்கு இன்னொரு காட்டு வழியான புல்மேட்டில், மகர ஜோதி பார்த்துவிட்டு இருட்டில் திரும்பிய ஜனம் நெரிசலில் சிக்கி, நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நம் ஊர்க்காரர்கள், கர்நாடகா, ஆந்திராக்காரர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். 1999-ல் அதே ஜனவரி 14-ம் தேதி பம்பை ஹில்டாப்பில் ஐம்பது பேருக்கு மேல். இரண்டுக்கும் விசாரணை கமிஷன் எல்லாம் நடந்தது.

அந்த 2011-ல் எங்கள் கோஷ்டி புல்மேட்டுக்குப் போயிருக்க வேண்டியது. வேன் பேசியாகிவிட்டது. நான் லீவ் லெட்டரை நீட்டினேன். 'ஸ்டாக் எடுக்கணும், பொங்கல் முடிஞ்சு போய்க்கோ' என்று மேனேஜர் திருப்பிக் கொடுத்தார். ஒருத்தரை விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று குருசாமி பயணத்தையே தள்ளி வைத்தார். அந்த மேனேஜரை அன்று வரை நான் திட்டாத திட்டு கிடையாது. அதற்கப்புறம் திட்டியதில்லை.

கரிமலையில் என் முழங்கால் நடுங்க ஆரம்பித்தபோது, எனக்கு மேலே நாலு வரிசை தள்ளி அந்த லைன்மேன் குரல் வெடித்தது.

"யாரும் தள்ளாதீங்க சாமி! அப்படியே உட்காருங்க! இருக்கிற இடத்துல உட்காருங்க! மேல இருக்கிற சாமிக்கும் சொல்லுங்க!"

உட்கார்ந்தோம். ஒரு வரிசை பார்த்து அடுத்த வரிசை, அதைப் பார்த்து அதற்கு மேல் வரிசை என்று கரிமலையே சம்மணம் போட்டது. உட்கார்ந்தவனால் தள்ள முடியாது. இதை எந்தக் கமிஷனிடம் கற்றார் என்று பிறகு கேட்டேன். "கம்பத்துல ஷாக் அடிச்சவனைச் சுத்திக் கூட்டம் கூடினா இதான் சாமி செய்வோம்" என்றார்.

அடைப்புக்குக் காரணம் கொஞ்ச நேரத்தில் எதிரே வந்தது. கீழே நெஞ்சு வலியில் சாய்ந்துவிட்ட ஒரு சாமியை எடுத்து வர ஸ்ட்ரெச்சரோடு மேலிருந்து போன ஆட்கள், கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் தோளைத் தாண்டித் தாண்டி அவர்களால் போக முடிந்தது. அந்தச் சாமி பம்பையில் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார் என்று மறுநாள் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எம்.பி.ஏ. சாமி ஸ்பீக்கரை எப்போது அணைத்தார் என்று நான் கவனிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் கோபமாக ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். 'புதுசாக யாரும் பெரிய பாதைக்கு வராதீர்கள்' என்பதுதான் சாராம்சம். இரண்டு பாரா எழுதியதும் சரங்குத்தி குறுக்கே வந்து நின்றது.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாளிகைப்புறத்தம்மன் ஐயப்பனைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டாள். என்றைக்குக் கன்னிசாமிகள் வராமல் இருக்கிறார்களோ அன்றைக்குச் செய்துகொள்கிறேன் என்றார் அவர். வருஷா வருஷம் அம்மன் சரங்குத்தி வரை ஊர்வலமாய் வந்து பார்க்கிறாள். கன்னிசாமிகள் குத்திவிட்டுப் போன சரங்கள் குவிந்து கிடக்கின்றன. திரும்பிப் போகிறாள். ஆக, புது ஆள் வருவதுதான் அந்தக் கோயிலின் அஸ்திவாரம். 'நான் வந்தாச்சு, கதவைச் சாத்துங்கள்' என்று சொல்ல நான் யார்? 2009-ல் என்னைப் பார்த்தும் எந்தப் பழைய சாமியாவது 'இந்த அக்கவுண்ட்ஸ் பையனெல்லாம் வர ஆரம்பிச்சுட்டான்' என்று முணுமுணுத்திருப்பார்.

யார் வருகிறார் என்பதல்ல, ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதுதான் விஷயம். சன்னிதானத்துக்கு ஆன்லைனில் எண்ணிக்கை வைத்திருக்கிறார்கள். 2025 நவம்பரில் நடை திறந்த முதல் நாட்களிலேயே நெரிசல் தாங்காமல், ஹைகோர்ட் தலையிட்டு ஸ்பாட் புக்கிங்கை ஒரு நாளைக்கு ஐயாயிரமாகக் குறைத்தது. அழுதாவிலும் அப்படி மணிக்கு இத்தனை பேர் என்று எண்ணி விடலாம். சாயங்காலமானால் யானைக்குப் பயந்து கேட்டை மூடத் தெரிந்தவர்களுக்கு, காலையில் மனிதருக்குப் பயந்து கொஞ்சம் நிறுத்தி விடுவது பெரிய வேலையில்லை. முக்கியமாக, நடக்கிறவனுக்கு இலவச இணைப்பு எதுவும் வேண்டாம்.

எங்கள் குருசாமி யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. கோஷ்டியில் இனிமேல் ஏழு பேருக்கு மேல் கிடையாது, கார்த்திகை முதல் வாரம் சனி ஞாயிறு தவிர்த்துத்தான் பயணம் என்று சொல்லிவிட்டார். ஆபீஸ் போகிற சாமிகளுக்குத்தான் திண்டாட்டம். வார நாளில் மூன்று நாள் லீவ் கேட்டால் எந்த மேனேஜர் கொடுப்பார்?

கட்டுரையைக் கிழித்துப்போட்ட அடுத்த வாரம் எம்.பி.ஏ. சாமி போன் செய்தார். நம்பரை எங்கே பிடித்தாரோ.

"சாமி, அடுத்த வருஷமும் பெரிய பாதைதான். பாஸ் இல்லாட்டியும் பரவால்ல. எப்போ போனா கூட்டம் கம்மி?"

"எத்தனை பேர்?"

"பதினாலுதான் சாமி."

"இரண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு, வேற வேற நாள்ல போங்க" என்றேன். "குருசாமி கூட வரட்டும். அந்த ஸ்பீக்கரை மட்டும் வீட்டுல வெச்சுட்டுப் போங்க சாமி."

"அது கரிமலையிலேயே விழுந்துடுச்சு சாமி" என்றார்.